பதினேழாம் லைனில் யாரோ!

செல்போன் அலறியது!

வெள்ளிக்கிழமை. காலை மணி 11.38.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது 'கல்லருவி நெட்'. கல்வராயன் மலைக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி. அதன் ஒரே இன்ஜினீயர் ராதிகா, டிபன் பாக்ஸின் கடைசி இட்லித் துண்டை வாயில் போட்டபடி போனை எடுத்தாள்.

திரையில் 'வீரமணி'.

லைன்மேன். இருபத்தாறு வயசு. வெள்ளிமலைக்கு மேலே இருக்கும் டவரைப் பார்க்கக் காலையில் பைக்கில் போனவன்.

"சொல்லு வீரமணி..."

காற்று இரைந்தது. அதற்கு மேல் அவன் மூச்சு இரைந்தது.

"அக்கா... பாக்ஸுகிட்ட இருக்கீங்களா?"

"எதிர்லதான் குந்திக்கினு இருக்கேன். இன்னாடா இப்பிடி மூச்சு வாங்குது உனக்கு?"

"அப்பால சொல்றேன்... நேரம் இல்ல... பதினேழாம் லைனு... ஒரு வருஷத்து கிராஃபு... அத்த ஒடனே..."

"ஒடனே?"



சரளைக் கல்லில் யாரோ நடந்து வரும் சத்தம். நெருக்கத்தில். ரொம்ப நெருக்கத்தில்.

பிறகு ஓர் அலறல்!

நீண்டது... தேய்ந்தது... அறுந்தது.

"வீரமணி! டேய், வீரமணி!"

லைன் செத்துப் போயிருந்தது.

அவனும்தான்.

●

டவருக்கு அறுபது அடி கீழே, பாறை இடுக்கில் கிடந்தான் வீரமணி. கடுக்காய் பொறுக்கப் போன பெண்கள் பார்த்துச் சொன்னார்கள். மலைவாசிகள் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். உயிர் எப்போதோ போயிருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வளர்மதி மாடிப்படி ஏறி வந்தாள். முப்பத்தைந்து வயசு. அளவான பேச்சு. அளக்கிற பார்வை.

கம்பெனியின் முதலாளி விஜயராகவன் எழுந்து நின்றார். ஐம்பது வயசு, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கண் நிறைய ஈரம்.

"எனக்குப் புள்ள மாதிரி மேடம் அவன். எத்தினியோ தபா சொல்லிருக்கேன், பெல்ட் போட்டுக்கினு ஏறுடான்னு... கேக்கவே மாட்டான்."

"டவர்லருந்து தவறி விழுந்துட்டான்றீங்க?"

"வேற இன்னா மேடம்? மழை பேஞ்சி கம்பியெல்லாம் வழுக்கிக்கினு இருந்திருக்கும்..."

"தவறி விழுறவன் பேசிக்கினே விழ மாட்டான் சார்!" என்றாள் ராதிகா. அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது. "டவர் மேல நின்னு பேசினா சரளைக்கல்லு சத்தம் எப்பிடி கேக்கும்? அவன் தரையிலதான் இருந்தான் மேடம். யாரோ நடந்து வந்தாங்க. நான் கேட்டேன்!"

வளர்மதியின் பேனா நின்றது.

"கடைசியா இன்னா சொன்னான்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

சொன்னாள்.

"அத்த ஒடனே... பாருங்கன்னு சொல்ல வந்திருப்பான்."

"இருக்கலாம்" என்றாள் வளர்மதி. "வழக்கமா எல்லாரையும் கேக்கறதுதான் சார்... நேத்து பதினொண்ணரை மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"தியாகதுருகத்துல, எங்க வூட்டுலதான் மேடம்" என்றார் விஜயராகவன். "பத்து மணிலருந்து பன்னண்டரை வரிக்கும் வீடியோ மீட்டிங். சேரை வுட்டு எழுந்திருக்கவே இல்ல."

"நல்லது. அது இன்னா பாக்ஸு?"

ராதிகா சுவரோரத்து இரும்பு அலமாரியைக் காட்டினாள். வயர்களுக்கு நடுவே செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"எங்க நெட்டு எந்த லைன்ல எவ்ளோ போவுது, எவ்ளோ வருதுன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா குறிச்சி வெக்கும் மேடம்."

"யார் இன்னா பாக்கறாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. கரண்டு மீட்டர் மாதிரிதான். எத்தினி யூனிட்டு ஓடுச்சின்னு சொல்லும். டிவி பார்த்தாங்களா, மாவு அரைச்சாங்களான்னு சொல்லாது."

"ஒரு வருஷத்துக்கு அப்பிடியே வெச்சிருக்குமா?"

"வாங்கினப்போ ஒரு வாரம்தான் வெச்சிருந்துச்சி. அப்பால தானா அழிச்சிடும். நான்தான் பெரிய மெமரி கார்டு ஒண்ணு போட்டு, ரெண்டு வருஷத்துக்கு நிக்கிற மாதிரி மாத்தினேன். ஆனா பழசாவ ஆவ நுணுக்கம் கம்மியாயிடும் மேடம். நேத்துன்னா எத்தினி டம்ளர் தண்ணி குடிச்சீங்கன்னு சொல்லும். போன வருஷம்னா ஒரு நாளைக்கு எத்தினி குடம்னு மட்டும் சொல்லும்."

விரல்கள் விசைப்பலகையில் ஓடின. பதினேழாம் லைன் திரையில் விரிந்தது.

முதலில் ஒரு வாரம்.

இடமிருந்து வலம் வரை ஒரே உயரத்தில் ஒரு கோடு. ஏற்றமும் இல்லை. இறக்கமும் இல்லை.

"இதுல ஒண்ணும் தப்பா தெரியலியே" என்றார் விஜயராகவன்.

"அதான் தப்பு சார்! மனுஷங்க இருக்கற வூடுன்னா சாயங்காலம் ஏறும், ராவுல எறங்கும். இது தூங்கவே இல்ல. அதுவும் வூட்டுக்கு வர்றது கம்மி... வூட்டுலருந்து வெளிய போறதுதான் ஜாஸ்தி."

"அப்பிடின்னா?"

"கேமரா மேடம். இருபத்திநாலு மணி நேரமும் வீடியோ அனுப்பிக்கினே இருக்குற கேமரா."

ஒரு வருடம் என்று தட்டினாள்.

கோடு மாறியது.

இடதுபுறம் வெறுமை. ஒரு நாள்கூட ஒரு பொட்டும் இல்லை. திடீரென்று ஒரு படிக்கட்டு மாதிரி செங்குத்தாக ஏறி, அதற்குப் பிறகு இன்றுவரை இறங்கவே இல்லை.

"ஏறின தேதி?"

"போன வருஷம் ஜூலை பன்னண்டு."

வளர்மதியின் புருவம் நெரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு பழைய நோட்டீஸை எடுத்து மேஜை மேல் விரித்தாள். அதில் சிரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. 'காணவில்லை.'

"ஷாலினி. இதே ஆபீஸ்ல மலைவாசிங்க கிட்ட கனெக்ஷன் பாரம் எழுதி வாங்கிக்கினு இருந்த பொண்ணு. வயசு இருவத்திமூணு. காணாமப் போன தேதி, ஜூலை ஒம்போது."

ஒன்பது. பன்னிரண்டு.

மூணே நாள்!

"ஐயோ... எங்க ஷாலினியா!" விஜயராகவன் நாற்காலியில் சரிந்தார். "அந்தப் பொண்ண எவனோ அடைச்சி வெச்சி கேமராவுல பாத்துக்கினு இருக்கானா? பதினோரு மாசமாவா? வீரமணி அத்தக் கண்டுபுடிச்சிட்டான்... அதான் தள்ளி விட்டுட்டானுங்க!"

"பதினேழாம் லைன் யாரு வூடு?"

"தெரியல மேடம்" என்றாள் ராதிகா. "'டெஸ்டிங்'னு மட்டும் போட்டிருக்கு. பேரும் இல்ல, ஊரும் இல்ல. ஆனா டவர்ல போய்ப் பார்த்தா, அந்த லைனோட டிஷ் எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு தெரியும். அதே திசையில பார்வைய ஓட்டினா வூட்டைப் புடிச்சிடலாம்."

"நான் இட்டுக்கினு போறேன்!" விஜயராகவன் துள்ளி எழுந்தார். "ஜீப்பு கீழதான் நிக்கிது. ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது மேடம்!"

வளர்மதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஜி.எச்.ல போஸ்ட்மார்ட்டம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயி வூட்டை மட்டும் பாத்து வைங்க. உள்ள போவாதீங்க. போன் பண்ணுங்க, ஃபோர்ஸோட வர்றேன்."

விஜயராகவன் சாவியைச் சுழற்றிக்கொண்டு படி இறங்கினார். ஜீப்பைச் சந்திலிருந்து வெளியே எடுக்க மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்தில் ராதிகா இன்னொரு லைனைத் திறந்தாள்.

பார்த்தாள்.

நெற்றியில் வேர்வை அரும்பியது.

கீழே ஹாரன் அடித்தது.

"ராதிகா! வாம்மா... நேரமாவுது!"

●

கச்சிராயப்பாளையம் பின்னால் போனது. கோமுகி அணையின் தண்ணீர் மரங்களுக்கு நடுவே ஒரு முறை மின்னி மறைந்தது. மலைப்பாதை தொடங்கியது.

வளைவு. இன்னொரு வளைவு. கியர் முனகியது.

"பயமா இருக்குதா ராதிகா?"

"இல்ல சார்."

"ஷாலினி உங்கிட்ட நல்லா பேசுவா இல்ல?"

"ஒரே டேபிள்ல சாப்புடுவோம் சார். கருவாட்டுக் குழம்பு எடுத்தாந்தா எனக்குத்தான் மொதல்ல வெப்பா."

"காணாமப் போறதுக்கு மின்ன... இல்ல அப்பால... எதுனா போன் கீன் வந்துச்சா அவகிட்டருந்து?"

"வந்திருந்தா உங்களாண்ட சொல்லிருக்க மாட்டேனா சார்?"

அவர் சிரித்தார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபடி சிரித்தார்.

"எங்க அம்மா மாதிரி ஆயிட்டாங்க ஷாலினியோட அம்மா. வாரா வாரம் போயி ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன். வயசானவங்க... தனியா இருக்காங்க பாரு."

ராதிகா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

வெள்ளிமலை தாண்டியது. ஜீப் மண்பாதையில் குதித்துக் குதித்து ஏறி, ஒரு மொட்டைப் பாறைக்குக் கீழே நின்றது. கம்பி கம்பியாக வானத்தைக் கீறிக்கொண்டு டவர். காங்கிரீட் மேடை. ஓரத்தில் போலீஸ் கட்டிய ரிப்பன் காற்றில் படபடத்தது.

அதற்குக் கீழேதான் வீரமணி விழுந்த பள்ளம்.

 ராதிகா கண்ணை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே பார்த்தாள். ஆறு டிஷ்கள். அதில் சின்னதாக, புதுசாக ஒன்று... தெற்கே பார்த்து.

விரலை நீட்டினாள்.

"அங்க சார்... அந்த மரவள்ளிக் காட்டைத் தாண்டி... பலா மரத்துக்குப் பின்னால ஒத்த வூடு தெரியுது பாருங்க. ஓட்டு வூடு."

விஜயராகவன் நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அங்கியா...!" என்றார் மெல்ல. "பாவாயி வூடு."

"யாரு சார் பாவாயி?"

 விஜயராகவன் ஜீப்பின் பின்பக்கம் போனார். வந்தபோது கையில் கடப்பாரை இருந்தது.

"சார்... அது எதுக்கு?"

"பூட்டியிருந்தா ஒடைக்கணும் இல்ல?"

"மேடம் உள்ள போவாதீங்கன்னாங்களே... போன் பண்ணிடறேன் சார்."

"இங்க செல்லு சிக்னல் கிடைக்காதும்மா. பைய மூடு."

அந்தக் குரலில் இப்போது ஈரம் இல்லை. துளிகூட இல்லை!

"நட."

"சார்..."

"நடன்னு சொன்னேன்!"

மரவள்ளிச் செடிகள் தோள் உயரத்துக்கு நின்றன. ஒற்றையடிப் பாதை. அவள் முன்னால். கடப்பாரை பின்னால்.

"ஷாலினிய யாரும் அடைச்சி வெக்கல... இல்லியா சார்?" என்றாள் ராதிகா, திரும்பாமல். "ஒளிஞ்சிருக்கா. உங்களுக்குப் பயந்துக்கினு."

"நீ படிச்சவ. சீக்கிரம் புரிஞ்சிக்குவேன்னு தெரியும்."

"வீரமணிய தள்ளினது நீங்க!"

"தள்ளணும்னு வரல. எங்கடா ஷாலினின்னு கேட்டேன். பத்து தபா கேட்டேன். ஒரு மாசமா பாத்துக்கினு இருக்கேன், பொம்பளைங்க சோப்பு, மாத்திரைன்னு வாங்கி பைக்குல கட்டிக்கினு மலை ஏறுறான். கல்யாணம் ஆவாத பையனுக்கு எதுக்கு அதெல்லாம்? டெஸ்டிங் லைன்ல ஏன்டா இவ்ளோ ஓடுது, ராதிகா கிட்ட கேட்டு முழு கிராஃபும் எடுக்கறேன்னு முந்தாநாள் சும்மா போட்டு வாங்கினேன். மூஞ்சி வெளுத்துச்சி. பின்னாடியே வந்தேன். ஓடினான்... ஓடிக்கினே உனக்கு போன் போட்டான்."

"அவ இன்னா சார் பண்ணா உங்கள?"

"கூட இருந்தா. அதான் பண்ணா!" அவர் குரல் உடைந்து சீறியது. "இந்த டவரு அடியில காங்கிரீட் மேடை கட்டின அன்னிக்கு... நான் ஜீப் ஓட்டிக்கினு வந்தேன், அவ பக்கத்துல குந்தியிருந்தா. வளைவுல ராமன் குறுக்க வந்தான். பாவாயி புருஷன். அடிபட்டு கிடந்தான்."

"செத்துட்டாரா?"



"தண்ணி கேட்டான்" என்றார் விஜயராகவன். "ஆஸ்பத்திரிக்கு போலாம் சார், போலாம் சார்னு கத்தினா அவ. கீழ எறங்க ஒண்ணரை மணி நேரம். வழியிலயே போயிட்டா நான் ஜெயிலுக்கு. பொழைச்சிட்டாலும் ஜெயிலுக்கு. நான் ஒரு முடிவு எடுத்தேன். சாவுற வரிக்கும் அப்பிடியே வுட்டுட்டேன். அத்தப் பாத்துட்டு அவ எறங்கி காட்டுக்குள்ள ஓடிட்டா."

"ராமன எங்க சார் வெச்சீங்க?"

"அன்னிக்கு சாயங்காலம் காங்கிரீட் ஊத்தினோமே..."

ராதிகா நின்றுவிட்டாள். திரும்பி மலை மேல் பார்த்தாள்.

டவர் நின்றுகொண்டிருந்தது.

பதினோரு மாதமாக இந்த மலை முழுக்கப் பேசியதும் பார்த்ததும் சிரித்ததும்... ராமன் தலைக்கு மேலேதான்!

"பாக்காத. நட. இன்னும் இருவதடி."

வீடு வந்தது. சாணம் மெழுகிய வாசல். மூடிய கதவு. ஓட்டுக் கூரையின் இறவாணத்தில் சின்னதாக ஒரு கேமரா, பாதையைப் பார்த்தபடி.

விஜயராகவன் சுவரோடு ஒட்டி நின்று, கடப்பாரையை உயர்த்திப் பிடித்தார். ரகசியக் குரலில் சொன்னார்.

"கூப்புடு. உன் கொரலுக்கு தொறப்பா."

"மாட்டேன்!"

கடப்பாரையின் முனை அவள் விலாவில் அழுந்தியது.

"ரெண்டு பேரும் பள்ளத்துல விழுந்துட்டீங்கன்னு சொன்னா போதும். காப்பாத்தப் போனேன், முடியலன்னு அழுவேன். நல்லா அழுவேன்னு நீயே பாத்தியே. கூப்புடு!"

ராதிகா கண்ணை மூடினாள்.

"ஷாலினி..." என்றாள். "ஷாலினி... நான்தான்டி ராதிகா. கதவைத் தொற..."

உள்ளே காலடிச் சத்தம்.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு ஒரு சாண் திறந்தது. விஜயராகவன் தோளால் இடித்துக் கடப்பாரையோடு உள்ளே பாய்ந்தார்!

பாய்ந்தவர் அப்படியே நின்றார்.

மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது ஒரு துப்பாக்கி.

அதற்குப் பின்னால் வளர்மதி.

"வாங்க சார். கடப்பாரைய மெதுவா கீழ வைங்க. சாணி மெழுகின தரை... பேந்துடும்."

இருட்டிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் அவர் கைகளைப் பின்னால் மடக்கினார்கள்.

"நீ... நீங்க போஸ்ட்மார்ட்டம்..."

"அதுக்கு டாக்டர் இருக்காரு. நான் சங்கராபுரம் வழியா உங்களுக்கு மின்னாடியே வந்துட்டேன்."

"இந்த வூடு எப்பிடி...? டவர்ல வந்து பார்த்தாதான் தெரியும்னு இவ சொன்னாளே!"

"அது உங்களுக்கு சொன்னது சார்" என்றாள் ராதிகா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டிஷ் எந்தத் திசை, எத்தினி தூரம்னு ஆபீஸ்லருந்தே கம்ப்யூட்டர்ல பாத்துடலாம். நீங்க ஜீப்பு எடுக்கப் போனப்போ மேடத்துக்கு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்பவே... என்னிய சந்தேகப்பட்டியா?"

"தவறி விழுந்தான்னு நீங்க அடிச்சி சொன்னப்பவே சந்தேகம் சார். அப்பால பாத்தேன். பத்துலருந்து பன்னண்டரை வரிக்கும் வீடியோ மீட்டிங்னு சொன்னீங்க. உங்க வூட்டு லைனும் நம்ம நெட்டுதானே? மத்தவங்க லைன் மாதிரியே அதையும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எண்ணிக்கினுதான் இருக்கு. வீடியோ மீட்டிங்னா கோடு எகிறணும். உங்க கோடு தரையோட ஒட்டிக்கினு கெடந்துச்சி. காலையில ஒம்போதரைலருந்து மத்தியானம் ரெண்டு வரிக்கும்."

விஜயராகவன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். 

"அப்பதான் வீரமணி சொன்னது புரிஞ்சிது." அவள் கண்ணில் நீர் முட்டியது. "அத்த ஒடனே பாருங்கன்னு சொல்ல வரல சார் அவன். அத்த ஒடனே அழிச்சிடுங்கன்னு சொல்ல வந்தான். நீங்க பாத்துடக் கூடாதுன்னு. ஷாலினிக்காக."

"இதெல்லாம் கோடு! வெறும் கோடு!" விஜயராகவன் திமிறினார். "கோர்ட்டுல நிக்காது! நான் இவகிட்ட ஒண்ணுமே சொல்லல. எவன் கேட்டான்? சாட்சி எங்க?"

வளர்மதி தன் செல்போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். ஒரு கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேசுபவர், ராதிகா. நேரம், இருபத்திரண்டு நிமிடம்.

"அவங்க பையில இருந்த போனு, ஜீப்ப வுட்டு எறங்கினப்பவே போட்டுட்டாங்க. மலை மேல செல்லு சிக்னல் கிடைக்காதுன்னீங்க, சரிதான். வீரமணி பேசின மாதிரியே, டவர்ல இருக்குற உங்க கம்பெனி வைஃபைல கேட்டோம். ஒரு வார்த்தை வுட்டுப் போவல சார். ரெக்கார்டும் ஆயிருக்கு."

●

பின்கட்டுக் கதவு திறந்தது.

முதலில் வந்தவள் பாவாயி. நாற்பது வயசு இருக்கும். ஒடிசலான உடம்பு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி, வெயிலே படாமல் வெளுத்துப் போன ஒருத்தி.

ஷாலினி!

ராதிகாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"ஏன்டி... ஒரு போன் பண்ணக் கூடாதா? போலீஸுக்குப் போயிருக்கக் கூடாதா?"

"எப்பிடிக்கா போவேன்?" ஷாலினி தேம்பினாள். "வாரா வாரம் எங்க அம்மாவப் பாக்கப் போயிக்கினு இருந்தாரு. ஆப்பிள் வாங்கிக்கினு... அம்மாவுக்குப் பக்கத்துல குந்தி போட்டோ புடிச்சி, எல்லாருக்கும் அனுப்புவாரு, 'ஷாலினி அம்மாவைக் கைவிட மாட்டேன்'னு. வீரமணி அண்ணன் காட்டினப்போ எனக்குத்தான் புரிஞ்சிது அது யாருக்கு அனுப்பற போட்டோன்னு. நான் வாயத் தொறந்தா எங்க அம்மா இருக்க மாட்டாங்க. ராமன் ஐயாவ எங்க வெச்சாருன்னும் தெரியாது. வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா?"

வளர்மதி பாவாயியிடம் திரும்பினாள்.

"ஏம்மா, அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியாம பதினோரு மாசம் எப்பிடி வெச்சிருந்த?"

பாவாயி நேராகப் பார்த்தாள். அழவில்லை.

"ராத்திரி ஓடியாந்து கதவத் தட்டுச்சிங்க இந்தப் பொண்ணு. எம் புருசன் செத்ததப் பாத்த கண்ணு உலகத்துல இது ஒண்ணுதான். அந்தக் கண்ண நான் அவியவுடுவேனா? மூணாம் நாளு லைன் போட வந்த தம்பி பாத்துட்டான். நான் அருவா எடுத்துட்டேன். அவன் கையெடுத்துக் கும்புட்டு, 'நான் பாத்துக்கறேன் அக்கா'ன்னான். அவனே கேமரா வெச்சான். 'யாரு வந்தாலும் எம் போன்ல தெரியும், பயப்படாம தூங்குங்க'ன்னான்."

அவள் மெல்ல நடந்து விஜயராகவனின் எதிரே போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று கான்ஸ்டபிள் குறுக்கே வந்தார்.

அடிக்கவில்லை.

"தண்ணி கேட்டாரா?" என்றாள்.

விஜயராகவன் தலையைக் குனிந்தார்.

"ஒங்க ஜீப்புல தண்ணி இல்லாமயா போச்சி?"



●

திங்கட்கிழமை காலை.

தாசில்தார் வந்தார். டாக்டர் வந்தார். காங்கிரீட் உடைக்கும் மெஷின் வந்தது. அன்று மலை முழுக்க நெட் இல்லை. யாரும் கம்ப்ளைன்ட் பண்ணவில்லை. வேலைக்குப் போகாமல் மொத்த மலையும் பாறையைச் சுற்றி நின்றது.

விலங்கோடு கொண்டு வரப்பட்ட விஜயராகவன் இடத்தைக் காட்டினார். வடக்கு மூலை.

நான்கு மணி நேரம் ஆனது.

முதலில் ஒரு செருப்பு வந்தது. பாவாயி அதைப் பார்த்தாள். தலையை மட்டும் அசைத்தாள். அப்புறம்தான்... பதினோரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அவளிடமிருந்து வெடித்தது. ஷாலினி அவளைத் தாங்கிப் பிடித்தாள். ஷாலினியை, தியாகதுருகத்திலிருந்து போலீஸ் வண்டியில் வந்திருந்த அவள் அம்மா தாங்கிப் பிடித்தாள்.

ராதிகா பள்ளத்தின் ஓரத்தில் நின்று, கொண்டு வந்திருந்த சாமந்திப் பூவைக் கீழே விட்டாள். அது காற்றில் சுழன்று சுழன்று போனது.

"அழிக்க சொன்னத நான் அழிக்கலடா வீரமணி" என்றாள் வாய்க்குள். "மன்னிச்சிக்கோ."

பின்னால் பூட்ஸ் சத்தம். வளர்மதி.

"அழிச்சிருந்தீங்கன்னா விஜயராகவன் எல்லாரோட சாவுக்கும் மாலை போட்டுக்கினு திரிஞ்சிருப்பாரு. கண்ண தொடைங்க. வாங்க, கீழ போவலாம்."

போலீஸ் ஜீப் புறப்படத் தயாராக நின்றது. விஜயராகவன் பின்பக்கப் படியில் கால் வைக்காமல் தயங்கினார்.

"இன்னா சார்?" என்றாள் வளர்மதி.

"மேடம்... எனக்கு மலை வளைவுல பின்னாடி குந்தினா தலை சுத்தும். வாந்தி வந்துடும். முன் சீட்டுல குந்திக்கறேன், ப்ளீஸ்..."

வளர்மதி முன் சீட்டின் கதவைத் திறந்தாள். பாவாயியைக் கைப்பிடித்து ஏற்றி உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"பின்னாடியே ஏறுங்க சார். நீங்க போற எடத்துல வளைவே கிடையாது. நாலு பக்கமும் நேர் சுவருதான்!"